காந்தமும் நாலு ஊக்கும்

கிள்ளானிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள்.

"உன் லேப்ல தாலிய கழட்டிட்டு வரச் சொல்றது என்ன வேலைலா?" என்றார் மாமியார்.

"காந்தம் அத்தை. புரோட்டீன்ல ஒரு உலோகத்த மாட்டி, பெரிய காந்தத்துக்குள்ள வைப்போம். உலோகத்துக்குப் பக்கத்துல எது, தூரத்துல எதுன்னு மிஷின் காட்டும். அத வச்சு புரோட்டீனோட வடிவம் தெரியும்."

"புரோட்டீனுக்கு உலோகம் மாட்டலாம், உனக்கு ஆகாதா?"

"தங்கத்த இழுக்காது அத்தை. நீங்க தாலிக்கொடியில கோத்துவிட்ட நாலு இரும்பு ஊக்கைத்தான் இழுக்குது. நேத்து தாலியே எந்திரிச்சு நின்னுச்சு."

பஸ் பங்சாரில் நின்றது. மாமியார் மருமகளின் தாலிக்கொடியிலிருந்து நாலு ஊக்கையும் கழற்றித் தன் தாலியில் மாட்டிக்கொண்டார்.

"ஊக்கை மட்டும் கழட்டுன்னு சொல்லத் தெரியாதவங்களா வடிவம் கண்டுபிடிக்கிறாங்க?"