விளம்பரத்துக்குத் தனி மார்க்

– இன்னொருத்தர் கூப்பிட்டார், டைரக்டர். போஸ்டர்ல இருக்கற ஆள் அச்சு அசல் அவர் மாமா மாதிரியே இருக்காராம்.

– மாமாவா இருக்குமோ?

– இல்ல. மாமா பக்கத்துலயேதான் உக்காந்திருக்காராம். வேணும்னா வந்து கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சறார்.

– சரி. அடுத்தது.

– அடுத்ததுன்னா? நீ பாட்டுக்கு எடிட் பண்ணிக்கிட்டு இருக்க. உன் போனைக் காதுல வச்சு வச்சு எனக்குக் காது வெந்துபோச்சு. வாளியைத் தூக்கிட்டு ஊர் பூரா ஒட்டினவன் நான். அதுக்குப் பசைன்னு பட்டப்பேர் வச்சீங்க, போகட்டும். ஆனா போஸ்டர்ல என்ன இருக்கு? கொட்டை எழுத்துல "காணவில்லை". ஒரு மூஞ்சி. உன் நம்பர். இது சினிமான்னு ஒரு வரி இருக்கா? நம்ம படம் பேராவது இருக்கா?

– பிரிண்டிங்ல விட்டுப்போச்சு, பசை.

– சார்கிட்ட போய் அதைச் சொல்லு. காலையில என்னை நிக்க வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். "விளம்பரத்துக்குத் தனி மார்க் இருக்குன்னு சொன்னேன், ஊரை ஏமாத்தச் சொல்லல. சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் கிழிக்கலைன்னா குரூப்ல மூணு பேருக்கும் முட்டைதான்"னுட்டார்.

– மூணு பேரா? கேமராக்காரன் ஆளையே காணோமே.

– அவனுக்குக் காய்ச்சல். சார் கூப்பிடறார்னு சொன்னேன், உடனே வந்துருச்சு.

– நாளைக்குக் கிழிச்சுக்கலாம்டா.

– நாளைக்கா? சத்தியமா கேக்கறேன், விளையாடறியா? போன வருஷம் கோட்டை விட்டுட்டுத்தான் உங்ககூட வந்து உக்காந்திருக்கேன். இந்தத் தடவையும் போச்சுன்னா எங்கப்பா கையில ஸ்பேனரைக் குடுத்து ஒர்க்‌ஷாப்ல தள்ளிருவார்.

– ஒரே ஒரு நாள்.

– அச்சடிச்ச கடைக்குப் போயிட்டுத்தான் வரேன். "கீழ் வரியை எடுங்கண்ணா"ன்னு சொன்னதே உங்க டைரக்டர் பொண்ணுதான்னு கடைக்காரர் சொல்றார்.

– இரு, இந்த ஷாட்டை வெட்டி முடிச்சுக்கறேன்.

– வாயைத் திறந்து சொல்லு.

– ஆமா. நான்தான் எடுக்கச் சொன்னேன். சினிமான்னு போட்டா யார் போன் பண்ணுவா?

– பண்ணி என்ன ஆகப்போகுது? படத்துலயே அந்தாள் வரமாட்டார். கடைசி வரைக்கும் தேடறாங்க, ஆள் கிடைக்கல, நடிகர் தேடற வேலை மிச்சம்னு நீதானே பெருமையா சொன்ன? யாரு இது? நெட்ல எடுத்த மூஞ்சிதானே?

– எங்கப்பா.

– எந்தப் படத்துல?

– படத்துல இல்லடா லூசு. வீட்டுல. எனக்கு ஒன்பது வயசு. காலையில ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தார். சாயங்காலம் வரல.

– உங்கப்பா வெளிநாட்டுல இருக்கார்னு சொன்ன.

– அம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. அப்பவே போஸ்டர் ஒட்டலாம்னு மாமா சொன்னார். மானம் போயிரும்னு அம்மா விடல.

– இப்ப இது அம்மாவுக்குத் தெரியுமா?

– எங்க தெருவுல மட்டும் ஒட்டாதேன்னு உங்கிட்ட சொன்னேன்ல?

– நாய்த் தொல்லைன்னு சொன்ன.

– நாயும் இருக்கு.

– ஏன் எங்கிட்ட சொல்லல?

– சிரிப்பியோன்னு பயம். உயிரோட இருக்காரான்னு மட்டும் தெரிஞ்சா போதும்டா. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.

– முன்னாடியே சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்குள்ளயும் ஒட்டியிருப்பேன்.

– அப்ப உன் மார்க்கு?

– ஸ்பேனர் பிடிக்கறதும் ஒரு வேலைதானே. இருட்டற வரைக்கும் பாப்போம், அப்புறம் கிழிக்கறேன். இரு, அடிக்குது. இந்தா, நீயே பேசு. ஸ்பீக்கர்ல போடு.

– ஹலோ?

– ஹலோ, இந்தக் காணவில்லை போஸ்டர்... நீங்கதான் ஒட்டினதா?

– ஆமாங்க. சொல்லுங்க.

– அதுல இருக்கறது எங்க வீட்டுக்காரருங்க. காணாமல்லாம் போகல. வாசல்ல எங்க பொண்ணுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்துக்கிட்டு இருக்கார். "உன் புருஷனுக்கு ஒரு காலத்துல இவ்வளவு முடியா"ன்னு பக்கத்து வீட்டுல சிரிக்கறாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

– நல்லாப் பாத்தீங்களா? அவர்தானா?

– எட்டு வருஷமா பாக்கற மூஞ்சிங்க, தெரியாதா? இருங்க, கூப்பிடறார்.

– யாரு போன்ல?

– ராங் நம்பருங்க! நீங்க சைக்கிளைப் பிடிங்க, அவ விழுந்துறப் போறா! ...ஹலோ, இருக்கீங்களா?

– இருக்கேன்.

– டைரக்டர்... இப்ப கேட்ட குரல்...

– பேசாம இரு, பசை.

– யாரும்மா அவரைத் தேடறது? ஏதாவது பழைய விஷயமா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. அவர்கிட்ட கேக்கப் பயமா இருக்கு.

– பயப்படாதீங்கக்கா. நாங்க காலேஜ் பசங்க. குரூப் ப்ராஜெக்டுக்கு ஒரு சினிமா எடுத்தோம், அதோட விளம்பரம் இது. நெட்ல தேடினப்போ கிடைச்ச மூஞ்சி, அவ்வளவுதான். யாரும் காணாமப் போகல.

– அப்பாடா! வயித்துல பாலை வார்த்தம்மா. நல்லா இரு.

– வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க ஆடிட்டோரியத்துல போடறோம்க்கா. குடும்பத்தோட வாங்க.