வழிப்போக்கன் பத்த வைக்கிற அடுப்பு

அது எந்த வருசம்னு என்கிட்ட கேக்காதீய. இப்ப நிக்கிற பனையெல்லாம் கொட்டையாக் கெடந்த காலம். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துல மஞ்சவிளைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல அழகுக்கனின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் பேரு குணமணி. அவன் பனையேறிப் பதனி எறக்குவான், இவ கருப்பட்டி காய்ச்சுவா. ஊருக்கே அதான பொழப்பு, இவ மட்டும் என்ன ஒசத்தின்னு கேப்பீய. சொல்லுதேன்.

கருப்பட்டிக்கு மழை ஆவாது. ஐப்பசி பொறந்துட்டா வேர்க்கும், கசியும், கூழாப் போயிரும். எந்த வீட்டுலயும் இதான் பாடு. இவ என்ன செஞ்சா? பாகை எறக்குற பதத்துல எறக்கல. சுக்கும் நல்லமிளகும் இடிச்சுப் போட்டு இன்னும் ஒரு கொதி விட்டா. மொத வருசம் கருகிப் போச்சு. ஊரு சிரிச்சுது. ரெண்டாம் வருசம் கசந்து போச்சு. ஊரு இன்னும் சிரிச்சுது. மூணாம் வருசம் பதம் கைக்கு வந்துட்டு. அதை அடுப்புக்கு மேல பரண்ல நாப்பது நாள் புகையில கெடத்துனா. கார்த்திகை அடைமழையில எடுத்து ஒடச்சா, கல்லு கணக்கா டக்குன்னு ஒடஞ்சுதாம். அப்புறம் எவன் சிரிப்பான்?

கருப்பட்டிப் பாகைத் தேங்காச் செரட்டையிலதான ஊத்துவாவ. இவ தன் செரட்டைக்குள்ள மூணு கோடு கீறி வச்சிருந்தா. ஊத்தி எடுத்தா கருப்பட்டி முதுகுல மூணு கோடு எழும்பி நிக்கும். பிள்ளை பெத்த பச்ச ஒடம்புக்காரிக்குக் குடுக்க, பத்து ஊருக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆளு வரும். "யம்மா, மூணுகோட்டுக் கருப்பட்டி இருக்கா?"ன்னு வாசல்ல நிக்கும். அவளுக்கு நகை கெடையாது, நெலம் கெடையாது. அந்த மூணு கோடுதான் சொத்து.

இது அவ கூடப்பொறந்த அண்ணன் காதுக்குப் போச்சு. தங்கப்பழம்னு பேரு. வாய் மட்டும் தேனா ஒழுகும். வண்டி கட்டி வந்தானாம். ஒரு துண்டு வாயில போட்டான். கண்ண மூடுனான்.

"ஏ தங்கச்சி, இதையா வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்க? நீ காய்ச்சு, நான் கொண்டுபோய் விக்கேன். நம்ம ரெண்டுபேரு தொழிலு. சந்தையெல்லாம் உன் கோடுதான் பேசணும்."

குணமணி பேச்சுக் கம்மியான ஆளு. அன்னிக்கு அவனே வாயத் தொறந்தானாம். "மச்சான், தொழில்னு வந்துட்டா நாலு பெரியவுகளை வச்சுப் பேசிக்கிடுவோமே."

அழகுக்கனிக்கு வந்துது பாருங்க கோவம்! "எங்கண்ணன்கிட்டச் சாட்சி வைக்கச் சொல்லுதியளா? என்னைத் தோள்ல தூக்கி வளத்தவன். அவன்கிட்டப் போயிச் சாட்சியா?"

அப்படிச் சொன்னா. அவ வாயாலேயே சொன்னா. இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க.

ரெண்டு வருசம் நல்லாத்தான் ஓடிச்சாம். வித்துக்கிட்டே இருந்தவனுக்கு ஆசை வந்துட்டு. அவ காய்ச்சுறது அவனுக்குப் பத்தல. தன் தோட்டத்துல பெரிசா ஒரு விடிலி போட்டான். விடிலின்னா கருப்பட்டி காய்ச்சுற குடிசை. நேரா தங்கச்சி வீட்டுக்கு வந்தான்.

"தாயி, புது அடுப்பு. கூடப்பொறந்தவ கையாலதான பத்த வைக்கணும்? மொத ஊத்தும் உன் செரட்டையிலதான் ஊத்தணும்."

அதுதான் அந்தக் காலத்து மொறை. கூடப்பொறந்தவ மாட்டேன்னா அண்ணன் குடி வெளங்காதும்பாவ. போனா. பட்டுடுத்திப் போனா. ஊரே கூடி நின்னு பாத்துச்சு. குலவை போட்டாவ. இவ குனிஞ்சு அடுப்பு பத்த வச்சா, பாகு காய்ச்சுனா, செரட்டையில ஊத்துனா. பொழுது சாயக் கெளம்பும்போது செரட்டையக் கேட்டா.

"இருக்கட்டுமே தங்கச்சி. ராசியான செரட்டை. என் விடிலி ராசிய நீயே தூக்கிட்டுப் போவியா?"

எந்தத் தங்கச்சி தூக்கிட்டு வருவா? வச்சுட்டு வந்தா. வீட்டுக்கு வந்து வேற செரட்டையில கோடு கீறிக்கிட்டா.

அந்த வருசம் பதனி கொறச்சல். அழகுக்கனி வந்தவுகளை எல்லாம், "இல்லம்மா, அடுத்த வருசம் வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டா. அண்ணன்காரன் திருப்பி அனுப்புவானா? எங்கிருந்தோ சீனி ஆலைக் கழிவுப் பாகைப் பீப்பா பீப்பாவா எறக்குனான். சுக்குக்குப் பதிலாச் சுக்குத் தோலு. பரணுமில்ல, புகையுமில்ல. தங்கச்சி செரட்டையில ஊத்துனான். மூணு கோடு அச்சா விழுந்துது. அந்தக் கோட்டுக்குப் பொய் எது, நெசம் எதுன்னு தெரியுமா?

மார்கழியில ஒருத்தன் வந்து நின்னான். கையில ஒரு கருப்பட்டித் துண்டு. நுரச்சுப் போயி, புளிச்ச வாடை அடிக்குது. முதுகுல மூணு கோடு.

"எம் பொண்டாட்டி பெத்து எட்டாம் நாள் இதைத் தின்னா. வயித்தால போயி நாலாம் நாள் செத்துட்டா. பச்சப்பிள்ளைக்குப் பால் இல்ல. என்னத்தம்மா போட்டுக் காய்ச்சுன?"

இவ துண்டை வாங்கி மோந்து பாத்தா. யாரு கைன்னு தெரிஞ்சுபோச்சு.

அம்மன் கோயில் முன்னால கூட்டம் கூடுச்சு. தங்கப்பழத்தக் கூப்பிட்டாவ.

"நான் விக்கிறவன். காய்ச்சுறது அவ"ன்னானாம்.

"இது உன் விடிலியில காய்ச்சுனதுன்னு உன் தங்கச்சி சொல்லுதாளே?"

"என் விடிலியா? அதுவும் அவ விடிலிதான். அடுப்பு பத்த வச்சது யாரு? மொத ஊத்து ஊத்துனது யாரு? செரட்டை யாரு செரட்டை? ஊரே நின்னு பாத்துச்சே! இதவிட என்ன சாட்சி வேணும்?"

ஊரும் தலையாட்டுச்சு. பாத்தது பாத்ததுதான?

"நீ என்னம்மா சொல்லுத? தொழிலு இன்னின்னாருக்கு இன்னின்னதுன்னு பேசுனதுக்குச் சாட்சி உண்டா?"

அழகுக்கனி குணமணியப் பாத்தா. அவன் தரையப் பாத்தான். அன்னிக்கு அவ சொன்னது அவனுக்கும் ஞாபகம் இருந்துது, ஆனா ஒரு வார்த்தை குத்திக் காட்டல. அதுதான் அவளுக்குப் பொறுக்கல.

"சாட்சி இல்லய்யா. அடுப்ப நான்தான் பத்த வச்சேன்"ன்னா. "பத்த வச்சவ கையாலேயே அணைக்கேன்."

ஒரு கொடம் தண்ணிய இடுப்புல வச்சா. அண்ணன் விடிலிக்கு நடந்தா. ஊரு பின்னாலேயே போச்சு. தங்கப்பழம் ஓடியாந்து மறிச்சான். "ஏ கனி, வேண்டாம்லா! கூடப்பொறந்தவ அடுப்புல தண்ணி ஊத்துனா என் குடி அத்துப் போவும்லா!"

"கூடப்பொறந்தவளா? அவ அம்மன் கோயில் முன்னாலேயே செத்துட்டாளே அண்ணே"ன்னா. ஊத்துனா. பொகை எந்திரிச்சு ரெண்டு பேரு மூஞ்சியும் மறைச்சுதாம். அங்க கெடந்த மூணுகோட்டுச் செரட்டைய எல்லாம் ஒண்ணொண்ணாக் கல்லுல போட்டு ஒடச்சா. வீட்டுக்கு வந்து, இருந்த செரட்டையையும் ஒடச்சா. அதோட சரி, சாவுற வரைக்கும் அவ கருப்பட்டி காய்ச்சல. அந்தப் பதம் எப்படின்னு யாருக்கும் சொல்லவுமில்ல. தங்கப்பழம் அந்த அடுப்ப எத்தன தடவ பத்த வச்சும் எரியலன்னு சொல்லுவாவ. கூடப்பொறந்தவ அணைச்ச அடுப்புன்னு பயந்து, அவனுக்கு வெறகு வெட்டிக் குடுக்க ஆளு வரலங்கிறதுதான் நெசம்.

பல வருசம் கழிச்சு அவ செத்தா. பொறந்த வீட்டுக் கோடிச்சேலை வந்து போத்தாம எடுக்கக் கூடாதுல்லா? காலையில அண்ணன் வீட்டுக்கு ஆளு விட்டாவ. உச்சி தாண்டுச்சு, வரல. வெயில் சாஞ்சுது, வரல. அப்ப உப்பு வண்டிக்காரன் ஒருத்தன் அந்த வழியாப் போனானாம். "எதுக்குக் காத்துக் கெடக்கீய?"ன்னு கேட்டான்.

"கோடிக்கு."

"யாரு செத்தது?"

கூட்டத்துல ஒரு நாக்கு சொல்லிச்சு, "கெட்ட கருப்பட்டி காய்ச்சுனவ."

அவன் அதைக் காதுல வாங்கல. தோள்ல கெடந்த துண்ட எடுத்தான், அவ மேல போத்துனான், வண்டிய ஓட்டிட்டுப் போயிட்டான். பேரு கூடச் சொல்லல.

அதுலேருந்து மஞ்சவிளையில புது விடிலி போட்டா, அடுப்பு பத்த வைக்கக் கூடப்பொறந்தவளக் கூப்பிட மாட்டாவ. ரோட்டுல போயி நிப்பாவ. போற வழிப்போக்கன நிறுத்தி, "எங்க ஊர்ல உமக்குச் சொந்தம் யாரும் உண்டா?"ன்னு கேப்பாவ. இல்லன்னு சொன்னாத்தான் தீப்பெட்டியக் கையில குடுப்பாவ. பத்த வச்சு முடிச்சதும் புதுத் துண்டு ஒண்ணு போத்தி அனுப்புவாவ. அது அழகுக்கனிக்கு வராமப் போன கோடி. நீங்க அந்தப் பக்கம் போனா உங்களையும் நிறுத்துவாவ. வாங்கிக்கிடுங்க, வேண்டாம்னு சொல்லிராதீய.