நின்றுகொண்டு கத்திய கோழி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சார். எங்கள் வீட்டுக் கோழிகள் நல்ல கோழிகள். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அடுத்த வீட்டு மாடிப்படியில் ஏறியது கிடையாது, காயப்போட்ட கருவாட்டில் வாய் வைத்தது கிடையாது. இன்று காலையில் என் கொழுந்தன் வல்லரசு அவற்றின் காலைக் கட்டிக் கூடையில் போட்டுப் புளியந்தோப்புக் கறிக்கடைக்கு எடுத்துப்போகக் கிளம்பினான். “இதுங்களாலதான் பாம்பு வந்துச்சு. இதுங்களாலதான் ஷாலு போயிட்டா”ன்னு அழுகிறான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கோழிகள் மேல் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். வாயில்லாத ஜீவன் என்கிறார்கள். அவற்றுக்கு வாய் உண்டு. அன்றைக்கு அவை சொல்ல வேண்டியதைச் சரியாகத்தான் சொல்லின.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கன்டெய்னர் யார்டுக்குப் பின்பக்கம். என் வீட்டுக்காரர் கோதண்டமும் தம்பி வல்லரசும் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார்கள். காலையில் போனால், வண்டி வரிசை நீளத்தைப் பொறுத்து அன்று சாயங்காலம் வருவார்கள், இல்லாவிட்டால் மறுநாள். வீட்டில் இரண்டு பக்கமாகக் குடித்தனம், பின்னால் பொதுவாக ஒரு கொல்லை. கொல்லைச் சுவர் இடிந்த இடத்துக்கு அப்பால் கோரைப்புல்லும் தேங்கிய தண்ணீரும்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகல் முழுவதும் நானும் கோழிகளும் மட்டும். பேச ஆளில்லாத வீட்டில் காது தானாகக் கூர்மையாகிவிடும்.

கோழி சும்மா கத்தாது, சார். மேலே பருந்து வட்டமிட்டால் சேவல் ஒரே இழுப்பாக, விசில் மாதிரி மெல்லிசாகக் குரல் கொடுக்கும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அடுத்த நொடி கொல்லையில் ஒரு கோழி இருக்காது, எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். தரையில் ஆபத்து வந்தால் வேறு சத்தம். பூனையோ கீரியோ பாம்போ, விட்டு விட்டுக் கொக்கரிக்கும். இதில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். முட்டையிட்ட கோழியும் கிட்டத்தட்ட அப்படியேதான் கொக்கரிக்கும். வித்தியாசம் ஒன்றே ஒன்று. முட்டையிட்ட கோழி நடந்துகொண்டே கத்தும். பாம்பைப் பார்த்த கோழி நின்றுகொண்டு, ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தும்.

ஷாலு வியாசர்பாடிப் பெண். நல்ல பெண், அதில் சந்தேகமில்லை. “சாப்ட்டியாக்கா” என்று கேட்காமல் ஒரு வேளைகூடத் தட்டில் கை வைக்க மாட்டாள். கல்யாணத்துக்கு முன் போனில் பேசும் வேலை பார்த்தவள். குரலைக் கேட்டே எதிரில் இருப்பவர் கோபமா அலுப்பா என்று சொல்லிவிடுவாள். வந்த புதிதில் கோழி பக்கத்தில் வந்தாலே காலைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்காருவாள். பிறகு துணி துவைத்துக்கொண்டே அவற்றைக் கவனிக்க ஆரம்பித்தாள். நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. அவளாகவே கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். குஞ்சுகள் வெட்டவெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. ஷாலு மேலே பார்த்தாள். பருந்து இறங்கிக்கொண்டிருந்தது, சேவல் கவனிக்கவில்லை. அவள் உதட்டைக் குவித்து அந்த விசில் குரலைக் கொடுத்தாள். அப்படியே சேவலின் குரல். கொல்லை காலியாகிவிட்டது. பருந்து வெறுங்காலோடு போயிற்று.

வல்லரசு கைதட்டினான். “இன்னா அண்ணி, இனிமே கோழிங்க அவ பேச்சதான் கேக்கும் போலகீது. நீ ரிட்டயர்மென்ட் வாங்கிக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது அதே குரலை நான் கொடுத்துப் பார்த்தேன். கோழிகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. திரும்பவும் தவிட்டைக் கொத்தின. காரணம் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் பருந்து இல்லாதபோதும் சில நேரம் அந்தக் குரலைக் கொடுத்திருக்கிறேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவை விழுந்தடித்து ஓடி ஒளிவதையும், தாய்க்கோழி இறக்கைக்குள் குஞ்சுகள் நடுங்குவதையும் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அப்படியே பழகி, என் குரலுக்கு அசைவதை விட்டுவிட்டன போலிருக்கிறது.

அதற்காக ஷாலு மேல் எனக்குக் கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபம் என்றால் சண்டை போட்டிருப்பேன். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று வாரம் தவறாமல் நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்தேன். சாயங்காலத்தில் அவள் கொல்லையில் உட்கார்ந்தால் கோழிகள் அவள் மடியைச் சுற்றி வரும். நான் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். பார்ப்பதில் தப்பில்லையே.

பாம்பை நான் கொண்டுவரவில்லை. இதைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். மழை பெய்து கோரையில் தண்ணீர் ஏறினால் அது தானாக மேட்டுக்கு வரும். கோழிக்கூண்டுக்குப் பின்னால் சட்டை உரித்துப் போட்டிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன். பார்த்தால் ஷாலு பயப்படுவாள். கூண்டின் அடிப்பலகை உடைந்திருந்தது. “ஆணி அடிச்சிடட்டுமா”ன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவரும் களைப்பாக வந்திருந்தார்.

அன்று மத்தியானம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஷாலு துணி பிழிந்துகொண்டிருந்தாள். கூண்டின் வாசலில் புள்ளிக்கோழி கத்த ஆரம்பித்தது. ஒரு அடிகூட நகரவில்லை. கழுத்தை நீட்டிக் கூண்டின் உள்ளே பார்த்துக்கொண்டு, நின்ற இடத்தில் கத்தியது. சேவலும் கூடச் சேர்ந்துகொண்டது. எனக்கு முதல் கத்தலிலேயே தெரிந்துவிட்டது.

“ஷாலு, புள்ளி முட்டை வெச்சிருக்கு பாரு. மிதிச்சு ஒடைக்கறதுக்குள்ள எடுத்தாந்துடும்மா” என்றேன்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனாள். கூண்டுக்கு முன்னால் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அக்கா, இது முட்ட சத்தமாக்கா? நின்னுகினே கத்துதே.”

பாருங்கள் சார், எவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு அவளைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அவள் காதை அவளே நம்ப வேண்டாமா? என்னைக் கேட்டாள்.

“முட்டைதான். எத்தினி வருசமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று சிரித்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

உடனே வெளியே இழுத்துக்கொண்டாள். விரலுக்குக் கீழே இரண்டு சின்னப் பொட்டாக ரத்தம். உள்ளே இருட்டு. அவள் எதையும் பார்க்கவில்லை.

“இன்னாவோ சுருக்குன்னு புட்ச்சிட்ச்சுக்கா. இன்னாக்கா அது?”

“அடைக்கோழி உள்ள உக்காந்திருக்கு. கொத்தியிருக்கும். மஞ்சள் வெச்சா சரியாயிடும்.”

நானே மஞ்சள் குழைத்து வைத்தேன். கை எரிகிறது என்றாள், ஊதிவிட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்துவிடக் கூடாதே என்று கொல்லைக் கதவைச் சாத்தினேன். கோழிகள் அதற்கு அப்புறமும் வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தன. அவளுக்குக் கண் சொருகியது. “தூக்கம் தூக்கமா வருதுக்கா” என்றாள். என் கட்டிலிலேயே படுக்கவைத்துப் போர்த்திவிட்டேன். ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. ஷேர் ஆட்டோ வாசலிலேயே நிற்கும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தனியாக விட்டுப் போகவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கண்ணை முழுதாகத் திறக்க முடியாமல் என் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ கேட்டாள். நாக்குப் புரளவில்லை, எனக்குப் புரியவில்லை. நான் குனிந்து காதைக் கொடுத்தேன், அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

அதுதான் எனக்கு இன்னும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, சார். தெளிவாக இன்னொரு தடவை கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமே கிடையாது.