நெருங்கிய நண்பர் எழுதுகிறார்

இந்தச் சாரலில் போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு சூடான காப்பி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நன்றி. இனி, நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன்.

என் பெயர் பிச்சையா. வயது ஐம்பத்தெட்டு. தென்காசியில் வளர்ந்துவரும் எழுத்தாளன். இருபது வருஷமாக வளர்ந்துவருகிறேன். பட்டணத்துக்கு அனுப்பிய கதைகளெல்லாம் வழி தவறாமல் திரும்பி வந்தன. கதையில் குறையில்லை, பழக்கம்தான் போதாது என்றார்கள். ஆகவே போன சாரலுக்கு ஒரு மாதப் பத்திரிகை ஆசிரியர் குற்றாலம் வந்தபோது, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆளாகப் போய் நின்றேன். முதுகு நம் கையில் இருக்கும்போது ஒருவர் எழுந்து போக முடியாது. பதினோரு நாளில் பதினோரு கதை சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் வாய் திறந்தார். "கதை வேண்டாமய்யா, பெட்டி நிறையக் கிடக்கு. பேர் தெரிஞ்ச எழுத்தாளர் யாராவது காலமாகி, கூடப் பழகினவர் நாலு பக்கம் எழுதினால், ஒரு எழுத்தைத் தொடாமல் போடுவேன். அதுக்குத்தான் ஆள் கிடைக்கல."

நியாயமான பேச்சு. எனக்கோ அப்படி யாரும் பழக்கமில்லை. தென்காசியில் பேர் தெரிந்த எழுத்தாளர் என்று இருந்தவர் இசக்கிப்பாண்டி ஒருவர்தான். நாற்பது வயது, நல்ல திடகாத்திரம். ஒரு வருஷம் பழகினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. அவருக்கு இடி என்றால் பயம். மனைவி தங்கபுஷ்பத்தோடு சண்டை வந்தால் மச்சில் போய்ப் படுத்துக்கொள்வார்.

"அண்ணாச்சி, ஒரு நாளு நீரு வரலைன்னா எனக்கு எழுத்தே ஓட மாட்டேங்குது" என்பார். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்டு இதழுக்கு ஜூலை பதினெட்டுக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். பதினான்காம் தேதியே எழுதி முடித்தேன். கடைசிப் பத்தியில் நானே அழுதுவிட்டேன். பதினாறாம் தேதி அவரைச் செண்பகாதேவி அருவிக்கு அழைத்துப் போனேன்.

"என்ன அண்ணாச்சி, உள்ளங்காலுக்குமா எண்ணெ?"

"கண்ணுக்குக் குளிர்ச்சிடே, இசக்கி."

சிரித்தார். "உமக்கு ஒரு சேதி வச்சிருக்கேன். குளிச்சிட்டு வந்து சொல்லுதேன்" என்று தடாகத்துப் பாறையில் ஏறினார். நான் அவர் தோளைத் தொட்டது உண்மை. தள்ளினேன் என்றும் சொல்லலாம். கொஞ்சம் பெரிய வார்த்தை.

அன்று மதியமே கட்டுரையைத் தபாலில் சேர்த்தேன். ஆசிரியர் வாக்குத் தவறவில்லை. எழுதியதன் அடியில் ஊரும் தேதியும் போடுவது எங்கள் எழுத்தாளர் வழக்கம். 'தென்காசி, 14-7-36' என்பதையும் அப்படியே அச்சிட்டுவிட்டார்.

தங்கபுஷ்பம் அதை மூன்று தரம் படித்தாளாம். நேரே என் வாசலுக்கு வந்துவிட்டாள். "எம் புருசன் பதினாறாம் தேதி காலையில எங்கையால தோச தின்னுட்டுல்லா போனாரு. பதினாலாம் தேதி நீரு யாருக்குவே அழுதீரு?"

அவள் உங்களிடம் வந்த அன்றுதான் ஆசிரியர் கடிதமும் வந்தது. இசக்கிப்பாண்டியின் சிபாரிசில் என் கதையொன்றை அதே இதழுக்கு எடுத்து அச்சுக் கோத்தும் வைத்திருந்தார்களாம். இரங்கல் கட்டுரைக்கு இடம் வேண்டி அதை நீக்க நேர்ந்ததற்கு வருந்துகிறார்.

அந்தச் சேதியைக் குளிப்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் என்ன? நானே கைப்பிடித்துப் பாறையிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன். பாதித் தப்பு இசக்கி மேல்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.