நஜீப் நானா கொண்டுவந்த இரண்டு ஏர்பிரஷ்கள்

ஏர்பிரஷ் வாங்குகிறவர் அவசரப்படக் கூடாது சார். பார்க்கப் பேனா மாதிரித்தான் இருக்கும். பின்னால் குழாயை மாட்டி கம்ப்ரசரை ஓடவிட்டால் பெயின்டைப் பனி மாதிரித் தூவும். நான் செய்கிற விமானங்களும் பஸ்களும் உள்ளங்கையில் அடங்குகிறவை. அவற்றுக்குத் தூரிகையால் பூசினால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் என் பழைய ஏர்பிரஷ் கெட்டுப்போனபோது, அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்று நிதானமாக யோசித்தேன். யோசித்ததுதான் என் பேரில் உள்ள குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

நஜீப் நானாவை உங்களுக்கும் தெரியும். மாவனல்லையில் விளையாட்டுச் சாமான் கடை. கேகாலை மாவட்டம் முழுக்கத் தேடினாலும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சனிக்கிழமையானால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி, புளத்கொகுபிட்டியவில் இறங்கி, எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்துவிடுவார். என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் கொழும்போடு நின்றுவிட்டார்கள். எனக்கு வாரம் என்பதே அந்த ஒரு நாள்தான், மிச்சமெல்லாம் மழை.

நாங்கள் வேலை செய்வது பழைய ஸ்மோக் ரூமில். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கிற அறை. ஒரு காலத்தில் அதற்கு நான்தான் பொறுப்பு. இப்போது ரப்பர் பாலை அப்படியே லொறியில் அனுப்பிவிடுகிறார்கள், அறை சும்மா கிடக்கிறது. பெயின்ட் அடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஜன்னல் இல்லை, தூசி இல்லை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். ரப்பர் ஷீட் வெளியே வர ஆசைப்படாதுதானே.

அந்த அறைக்கென்று ஒரு முறை உண்டு. உள்ளே ஷீட் காய்கிறது என்றால் தாழ்ப்பாளில் ஒரு ரப்பர் இலைக் கொத்தைச் செருகி வைப்போம். வைத்தவன் எடுக்கும்வரை பெரிய தொரை வந்தாலும் கதவைத் தொடமாட்டார். பாதியில் திறந்தால் புகை போய், ஷீட்டில் பூசணம் பிடித்துவிடும். பெயின்ட் காயும்போதும் நான் கொத்து வைப்பேன். லயத்து வீடுகளில் இருக்கிற தோட்டத்து ஆட்கள் பழைய பழக்கத்தில் அப்படியே விலகிப் போவார்கள்.

இந்த வருஷம் நானாவின் மகள் ஹபீஸா அவரைக் கட்டாருக்குக் கூப்பிட்டாள். பேரப்பிள்ளையோடு அங்கேயே இருந்துவிட வேண்டுமாம். அவருக்கும் ஆசைதான். எனக்கு அதைச் சொன்ன அன்றே என் ஏர்பிரஷ் பெயின்டைத் திட்டுத்திட்டாகத் துப்ப ஆரம்பித்தது. அதன் உள்ளே இருக்கிற ஊசியைக் குறட்டால் கொஞ்சம் வளைத்தது நான்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. கெட்டுப்போனதைக் கண்டும் காணாமல் போகிற ஆள் இல்லை நானா.

"வேலு அண்ணே, ஒங்களுக்கு ஒரு நல்ல சாமான் எடுத்துக் குடுத்துட்டுத்தான் பிளேன் ஏறுவேன்" என்றார்.

கொண்டுவந்த ஒவ்வொன்றிலும் ஒரு குறை சொன்னேன். ஒன்றில் கிண்ணம் பக்கவாட்டில் இருக்கிறது, கண்ணை மறைக்கிறது. ஒன்றில் போத்தல் கீழே தொங்குகிறது, மணிக்கட்டு வலிக்கிறது. ஆயுசெல்லாம் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குறை பார்த்தவனுக்கு இதெல்லாம் சிரமமில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள் காலையில் கடைசியாக இரண்டோடு வந்தார். ஒன்றை அமுக்கினால் காற்றும் பெயின்டும் சேர்ந்தே வரும். மற்றதை அமுக்கினால் வெறும் காற்று. விரலைப் பின்னால் இழுத்தால்தான் பெயின்ட். அதில் மயிரளவு கோடுகூடப் போடலாம். இரண்டும் நல்லவை. அதுதான் சிக்கலாகிவிட்டது. நானா என் கையைப் பார்த்துவிட்டு, நடுங்குகிற கைக்கு லேசானதே போதும் என்றார். நான் என் குட்டி விமானத்தில் ஒரு இறக்கைக்கு இதிலும் மறு இறக்கைக்கு அதிலும் அடித்தேன். காயட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க அண்ணே. நான் போகணும்."

தின்னர் எடுத்துவருகிறேன் என்று வெளியே வந்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். கொத்தைச் செருகினேன்.

நான் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாயந்தரம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த லயத்து அழகம்மா, ஸ்மோக் ரூமில் என்ன தட்டுகிற சத்தம் என்று கேட்டாள். நஜீப் நானாவை அடைத்து வைத்திருக்கிறேன், அவர்தான் தட்டுகிறார் என்றேன். என்ன செய்வது, ஒரு அட்டைப்பூச்சி தொரையின் ஜீப் டயரைக் கடித்து, காற்றையெல்லாம் குடித்து, பலூனாகி மிதந்து போனதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னவன் நான். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சும்மா அடைச்சு வச்சா பூசணம் புடிச்சிரும் ஐயா. நல்லா பொகை போட்டு எடுங்க, மொதல் தரமா போகும்."

மறுநாள் நானாவின் தம்பி சொல்லி உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சார்ஜன் வந்தார். அவருக்கும் அதையே சிங்களத்தில் சொல்லி, கதவையும் காட்டினேன். அந்த நேரம் பார்த்து நானா தொண்டை கட்டி அசந்து கிடந்தார். கொத்து வைத்திருக்கிறது, பெயின்ட் காய்கிறது, திறந்தால் ஐயா ஒரு மாசத்துக்குத் திட்டுவார் என்று அழகம்மா சார்ஜனை எச்சரித்தாள். அவர் என்னைத் தாத்தா முறை வைத்து 'சீயா' என்று தோளில் தட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் விசாரிக்கப் போய்விட்டார்.

பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சுவரடியில் காற்றுக்கு ஒரு ஓட்டை உண்டு. ரொட்டியும் தேத்தண்ணியும் அதன் வழியாகத்தான் கொடுத்தேன். பேச்சும் அதன் வழியாகத்தான்.

"மகள் ஏர்போட்ல வந்து நிப்பா அண்ணே. வெளாட்டு போதும். தொறங்க."

இன்னும் எதை எடுப்பதென்று முடிவாகவில்லையே என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அழுதார். விமானம் போய்விட்டது என்று தெரிந்த பிறகு அழுகை நின்று கோபம் வந்தது. வெளியே வந்தால் இந்தத் தோட்டத்துப் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றார். எனக்கு வலித்தது அந்த ஒரு வார்த்தைதான். விமானத்தைத் தவறவிட்ட மனுஷன், இனி இங்கேதானே இருக்கப்போகிறார், அதற்கு இவ்வளவு பேச்சா. மழையும் விடவில்லை. அறையில் ஈரம் ஏறி இருமத் தொடங்கினார். இருமலுக்கும் கோபத்துக்கும் சேர்த்து ஒரு வைத்தியம் வேண்டியிருந்தது. அழகம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அடுப்பு வாய் அறைக்கு வெளியே இருக்கிறது. ரப்பர் விறகு கொஞ்சம்தான் வைத்தேன். அதிகமானால் ஷீட் கறுத்துவிடும், எனக்குத் தெரியாததா. குளிர் ஏறாமல் காற்று ஓட்டையைச் சாக்கால் அடைத்தேன். தட்டுகிற சத்தம் முதலில் பலமாக வந்தது, பிறகு நிதானப்பட்டது, பிறகு நின்றது. போகிறேன் என்கிற பேச்சும் அதோடு நின்றது. நான் கதவடியில் உட்கார்ந்து இரண்டு ஏர்பிரஷ்களின் நல்லது கெட்டதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றுக்கும் மறுப்பு வரவில்லை. இத்தனை வருஷச் சிநேகிதத்தில் நாங்கள் அவ்வளவு ஒத்துப்போனதில்லை.

பெயின்டுக்கு யாரும் புகை போடுவதில்லை என்பது அழகம்மாவுக்கு அதன் பிறகுதான் உறைத்திருக்கிறது. உங்களிடம் ஓடிவந்தாளாம்.

கொன்றுவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பதில் கையெழுத்து வைக்கிறேன், அது நடந்ததுதான். ஆனால் கதவைத் திறந்தபோது நீங்களும் பார்த்தீர்கள்தானே சார், அவர் முகத்தில் கோபமே இல்லை.