சுவர்ணா அழேல்லை

தேத்தண்ணிக்குத் தேயிலைச் சாயம் கொஞ்சம் கூட நிக்கவேணும், ஐயா. என்ரை கையாலை குடிச்ச ஆக்கள் அதைச் சொல்லுவினம். ஆனால் என்ரை மனுசன் செத்தாப்பிறகு குடிக்க ஒருத்தரும் வாறேல்லை. பிள்ளையள் கனடாவிலை. போனிலை கதைப்பினம், அதுவும் அவசரமாய்.

பக்கத்து வீட்டுச் சுபாஸ்கரனும் சுவர்ணாவும் நல்ல ஆக்கள். கண்டால் தலையாட்டுவினம், அவ்வளவுதான். அவையின்ரை பிள்ளை ஆரணி மட்டும் என்ரை வளவுக்கை வந்து விளையாடும்.

அண்டைக்குப் பிள்ளை என்ரை வாழைகளுக்குப் பின்னாலை இருக்கிற பாழுங்கிணத்துக்கை விழுந்திட்டுது. எட்டிப் பாத்தன். தண்ணி அதின்ரை இடுப்பளவு. "மாமி, தூக்குங்கோ" எண்டுது. "கயிறு எடுத்துக்கொண்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

வாசல் படலையிலை சனம் நிண்டுது. "அக்கா, ஆரணியைக் கண்டனீங்களோ?"

"உள்ளுக்கு வாங்கோ, இருந்து கதைப்பம்" எண்டன். வந்திச்சினம்.

பிறகு போய்க் கிணத்துக்குத் தகரம் போட்டன். பிள்ளையின்ரை சத்தம் வீட்டு முன்பக்கத்துக்குக் கேக்கேல்லை. தேடி வந்த உங்கடை பொலிஸ் ஆக்களுக்கும், பிள்ளை றோட்டுப் பக்கம் போனதைக் கண்டனான் எண்டன்.

ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாமெண்டு நீங்கள்தான் தாய்தேப்பனுக்குச் சொன்னனீங்கள். ஊருக்கு அது தெரியாது. "பெத்தவள் வாயும் திறக்கேல்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடேல்லை, என்னவோ இருக்கு" எண்டு கதைச்சினம். யூடியூப் பெடியள் கமராவோடை வந்தாங்கள். பக்கத்து வீட்டுக்காரி நான்தானே, எல்லாரும் என்னட்டைத்தான் கேட்டவை. "அண்டைக்குக் காலமை அவை வீட்டிலை சத்தம் கேட்டது" எண்டு மட்டும் சொன்னன். என்ன சத்தமெண்டு அவையே சொல்லிச்சினம். சுபாஸ்கரனைச் சந்தியிலை வைச்சு அடிச்சது நானில்லை.

விழுந்த அடுத்த நாளும் பிள்ளை கூப்பிட்டது. குரல் சின்னதாய்ப் போச்சு. முற்றம் நிறைய ஆக்கள். அவையை விட்டிட்டு எழும்பிப் போறது மரியாதையில்லை.

சுவர்ணா ஒருக்கால் வேலியடிக்கு வந்தாள். "அக்கா, நாங்கள் பிள்ளையை ஒண்டும் செய்யேல்லை. நீங்களாவது சொல்லுங்கோ."

"உள்ளுக்கு வந்து இருமன்" எண்டன். அவள் வரேல்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பன் எண்டுதான் நினைக்கிறன்.

கெட்ட மணம் வந்தாப்பிறகுதான் நீங்கள் தகரத்தைத் தூக்கினியள். அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்ரை படலையைத் திறந்து வரேல்லை.

நான் பிள்ளையைத் தள்ளேல்லை, ஐயா. அதை வடிவாய் எழுதுங்கோ. கயிறு எடுக்கத்தான் போனனான், அதுக்குள்ளை ஆக்கள் வந்திட்டினம்.

எழுதி முடிஞ்சுதோ? எழும்பாதேங்கோ. இன்னும் கொஞ்சம் சொல்லக் கிடக்கு.