கிரீடம் இருந்த இடத்தில் சிங்கம்

– வரலைன்னா வரலைதான், லாவண்யா. திருப்பித் திருப்பிக் கேட்டா பதிலு மாறிருமா?

– காரணத்தச் சொல்லுங்க மாமா. நேத்து முட்டிவலின்னீங்க. காலையில பருத்தி எடுப்புன்னீங்க. அதுக்கு ஆளு வச்சாச்சுன்னு அத்த சொல்றாங்க.

– ஒங்க அத்தைக்கு வாய் நிக்காது.

– ஆமாங்க, எனக்குத்தான் வாய். மருமக மேஜர் ஆவுறா, மாமனாரு கையால தோள்ல சிங்கம் மாட்டணும்னு பெங்களூர்லேருந்து பெரிய ஆபீசரே போன் பண்ணிக் கேட்டாரு. ஒடையார்பாளையத்துல வேற எந்த வூட்டுக்கு இப்படிப் போன் வந்துச்சு?

– நீ சும்மா இரு கமலவேணி. கேட்டியா லாவண்யா, கேப்டனுக்கு மூணு நட்சத்திரம். அது எனக்குத் தெரியும், எம்மவன் சுதர்சன் போட்டிருந்தான். மேஜருக்கு மட்டும் ஏன் ஒத்தச் சிங்கம்?

– மூணு நட்சத்திரமும் எறங்கிரும் மாமா. அசோகச் சிங்கம் ஏறும். வெள்ளக்காரன் காலத்துல அதே எடத்துல கிரீடம் இருந்துச்சு.

– நாப்பத்தேழுல மாத்திப்புட்டாங்களாக்கும்.

– கொடிதான் அப்ப மாறுச்சு. கிரீடம் இன்னும் ரெண்டர வருஷம் தோள்லயே ஒக்காந்திருந்துச்சு. அம்பதுல குடியரசு ஆன பெறகுதான் ராசாவும் இல்ல, கிரீடமும் இல்லன்னு ஆச்சு.

– அதுக்கு முன்னாடி கம்பெனிக்காரன் முத்திரை.

– அதுக்கும் ரொம்ப முன்னாடி நம்ம பக்கத்து முத்திரை. கங்கைகொண்ட சோழபுரத்துல இருந்து ஆண்டாரே ராஜேந்திரன், அவரு செப்பேட்டு வளையத்துல புலி இருக்கும். பக்கத்துல ரெண்டு மீனு, ஒரு வில்லு.

– பாண்டியன் மீனு, சேரன் வில்லு. கேட்டியா, ஜெயிச்சவன் தோத்தவன் சின்னத்த ஒடச்சிப் போடல. பக்கத்துலயே வச்சிக்கிட்டான். எங்க அப்பாவும் பழசத் தூக்கிப் போடாத ஆளுதான்.

– தாத்தா பட்டாளத்துல ஹவில்தாரா இருந்தாருன்னு மட்டும் ஒங்க மவன் சொல்லிருக்காரு.

– பர்மா வரைக்கும் போய்ச் சண்டை போட்டவரு. தொப்பியில பித்தளச் சின்னம், அதுல கிரீடம். அம்பதுக்கப்புறம் ஒருநா எல்லாரயும் வரிசையில நிக்க வச்சி, கிரீடத்தக் கழட்டிப் பெட்டியில போடு, சிங்கத்த வாங்கிக்கன்னாங்களாம். ஒவ்வொருத்தனும் டங்கு டங்குன்னு போட்டுட்டுப் போறான். இவரு மட்டும் ஆபீசர் முன்னால நின்னு, சார் இத நான் வச்சிக்கிறேன்னிருக்காரு.

– குடுத்தாங்களா?

– என்னய்யா, ராசா மேல இன்னும் பாசம் போவலியான்னு ஆபீசர் சிரிச்சாராம். இல்ல சார், எங்கூட நின்ன கொளஞ்சியப்பன், குன்னத்துக்காரன், இதப் போட்டுக்கிட்டுத்தான் செத்தான். சிங்கம் வர்றதப் பாக்க அவன் இல்ல. அதுனால அவன் நம்மாளு இல்லன்னு ஆயிருமான்னு கேட்டாரு எங்க அப்பாரு.

– ஆபீசர் என்ன சொன்னாரு?

– கிரீடத்த அப்பாரு கையிலயே விட்டுட்டாரு. வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சாராம். ஒரு ஹவில்தாருக்கு.

– இத ஏன் மாமா இத்தன வருஷமா என்கிட்ட சொல்லல?

– நீ கேக்கல.

– இப்ப ஒண்ணு கேக்குறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால, அவரு எல்லையில உசிர விட்ட அடுத்த வருஷம், நானும் பட்டாளத்துக்குப் போறேன்னு சொன்னப்ப ஒரு மாசம் என்கிட்ட பேசல நீங்க.

– பேசல. ஒத்தப் புள்ளையக் குடுத்தாச்சு. மிச்சமிருக்கிற ஒன்னையும் அனுப்ப மனசு கேக்கல.

– இப்பவும் அதானே மாமா? அவரு கேப்டனாவே நின்னுட்டாரு. அவரு போட்ட அதே மூணு நட்சத்திரத்த என் தோள்லேருந்து எறக்குறதப் பாக்க ஒங்களால முடியல.

– யாரு சொன்னா? ஜெயங்கொண்டம் ஒரக்கடையில, அரியலூர் ஸ்டேஷன்ல, பாக்குற ஆளுகிட்டயெல்லாம் 'எங்க வூட்டு மேஜரு'ன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். வெள்ளிக்கிழமை விழா வரைக்கும் பொறுக்க முடியல எனக்கு. எம்மவன் இன்னைக்கு இருந்தா மொத ஆளா ஒனக்கு அவன்தான் சல்யூட் அடிப்பான், கேட்டியா?

– அப்பறம் ஏன் வரலைங்கறீங்க?

– அது வேற.

– என்ன வேற?

– விடு லாவண்யா.

– சரிங்க மாமா. இனிமே வற்புறுத்தல. எங்க அப்பாவப் பெங்களூருக்கு வரச் சொல்லிடுறேன். கார் அஞ்சு மணிக்கு வந்துரும், நான் பெட்டிய எடுத்து வைக்கிறேன்.

– செத்த நில்லு தாயி. இவரு செத்தாலும் சொல்ல மாட்டாரு, நானே சொல்லிடுறேன். போன தையிலேருந்து இவருக்குக் கை நடுங்குது. பத்து நாளா மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டு, சுதர்சன் பட்டாளத்துச் சட்டையத் தலையணையில போத்தி, தோள் நட்சத்திரத்த மாட்டி மாட்டிக் கழட்டிப் பாக்குறாரு; அத்தன பேரு முன்னால எம்மருமக தோள்ல சிங்கம் கோணலா நின்னுரக் கூடாதுன்னுதான் வரலைங்கறாரு.